தேசம்மாக்கா மோந்து பார்க்காத மீன்

போன வாரம் மீஞ்சூரில் ஒரு பாத்திரக்கடைக்குப் போயிருந்தேன். தோசைக்கல் வாங்கத்தான். கடையில் நின்ற பெண் கல்லைக் காட்டாமல், கறுப்பாக மழமழவென்று இருந்த ஒரு சட்டியை எடுத்து நீட்டி, "இதுல எதுவுமே ஒட்டாது ஆன்ட்டி" என்றாள். எதுவுமே ஒட்டாது என்று ஒரு பொருளைப் பற்றி யாராவது சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்கு, அதன்மேல் எதையோ பூசியிருக்கிறார்கள், பூசினது ஒருநாள் எங்கே போகும் என்றுதான் தோன்றும். வாங்கித் திருப்பினேன். அடியைச் சுண்டிப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் லேசாகக் கீறினேன். "ஐயோ, கீறாதீங்க ஆன்ட்டி" என்று அந்தப் பெண் பதறினாள். அதோடு விட்டிருக்கலாம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தும் பார்த்துவிட்டேன்.

கூட வந்த என் மகள் கல்லூரியில் படிக்கிறவள். நைசாக நாலடி தள்ளிப்போய், டிபன் பாக்ஸ்களைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, பாத்திரத்த யாராவது மோந்து பாப்பாங்களா?"

பார்ப்பார்கள். புளியைத் தேய்த்துப் பார்ப்பார்கள், காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார்கள், மிளகாய்த்தூளைத் தண்ணீரில் போட்டுவிட்டு அது என்ன செய்கிறது என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இது என் பிறவிக் குணம் இல்லை. எங்கள் அப்பா, கடைக்காரர் என்ன கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வருகிற மனிதர். எனக்கு இது புகுந்த வீட்டில் தொற்றிக்கொண்டது. தொற்றவைத்தவள் என் ஓரகத்தி தேசம்மா.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்மேட்டில் ஒரு குப்பம். அங்கேதான் நான் வாழ்க்கைப்பட்டுப் போனேன். அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரு படகு, ஒரு அடுப்பு. தம்பி என் வீட்டுக்காரர். அண்ணனை நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆந்திரா எல்லை பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்து முறை சிலது எங்கள் வாயிலும் உண்டு. பாவாவின் மனைவிதான் தேசம்மா. என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள். நான் அக்கா என்பேன். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. "மீஞ்சூரு" என்பாள். "மீஞ்சூரு, உலையைப் பாரு." "மீஞ்சூரு, கோழிய தொரத்து." ரயில் போகிற ஊரிலிருந்து வந்தவள் என்ற சந்தேகம் அந்தப் பெயரிலேயே இருந்தது.

நான் போய் இறங்கிய மறுநாளே என் சீர்ப் பாத்திரங்களை வாசலில் வரிசையாக அடுக்கச் சொன்னாள். ஏதோ திருஷ்டி கழிக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்து நானும் ஆசையாக அடுக்கினேன். உடைந்துபோன ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்றை அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அதை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் வைத்தாள். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பது அவள் கணக்கு. தட்டில் ஒட்டவில்லை. குடத்தில் ஒட்டவில்லை. அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய பெரிய குண்டாவில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"உங்க நைனாவ எவனோ நல்லா டபாய்ச்சிட்டான்மே" என்றாள். பாவம் பார்த்துச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் உள்ளே போய் அழுதேன். குண்டாவைத் தண்ணீர் மொள்ள வைத்துக்கொண்டாள்.

இப்படிப்பட்டவளோடு சேர்ந்து நான் சாப்பாட்டுக் கடை வைத்தேன் என்றால் நம்புவீர்களா?

ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. அதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன் விழுகிற இடம் இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அடுத்தவர்களுக்கு என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்வது. பாடு வருகிற நாளில் வீட்டில் சிரிப்பு. வராத நாளில் ஆண்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, ஒன்றும் இல்லாததற்கெல்லாம் எரிந்து விழுவார்கள். பனிக்காலத்தில் பூநாரை பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கார் காராக வருவார்கள். பறவையைப் பார்த்து முடித்ததும் அவர்களுக்குப் பசிக்கும். படகுத்துறைப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, சூடாகச் சோறும் மீன்குழம்பும் போட்டால் என்ன என்று தோன்றியது எனக்கு. "யாரு துன்றது, யாரு பேதி புடிச்சி நம்மள திட்டறது?" என்றாள் தேசம்மாக்கா. ஆனாலும் ராத்திரி முழுக்க அதையே நினைத்திருக்கிறாள். காலையில், "சட்டி பானை நான்தான் வாங்குவேன்" என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

பாத்திரம் வாங்கப் பொன்னேரிக்குப் போனோம். முந்தானையில் ஒரு பக்கம் காந்தம், இன்னொரு பக்கம் ஊறவைத்த புளி உருண்டை. கடையில் பளபளவென்று தொங்கிய அலுமினியச் சட்டி ஒன்றை இறக்கச் சொல்லி, உள்பக்கத்தில் புளியை வைத்து அரைத் தேய்ப்பு தேய்த்தாள். விரலைத் தூக்கிக் காட்டினாள். விரல்நுனி கறுத்திருந்தது. அடுத்த சட்டி. அதுவும் கறுப்பு. கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாமா, பாத்திரம் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணு பாத்திருந்தா இம்மா நேரம் ஆவாது. பொண்ணு வாயத் தொறந்து சொல்லிடும். இது சொல்லுமா?"

கடைசியில் அந்தக் கடையில் ஒரு கனத்த அலுமினிய அண்டா மட்டும் வாங்கினாள். "சோத்துல புளிப்பு கெடையாது, பொழச்சிப் போவட்டும்" என்று அதற்கு விலக்கு கொடுத்தாள். வறுவலுக்கு இரும்பு வாணல். குழம்புக்கு மண்சட்டி. மண்சட்டிக்காரியிடம் அரைநாள் உட்கார்ந்தோம். ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டுவாள். கணீரென்று சத்தம் வரவேண்டும். மந்தமாக வந்தால் எங்கேயோ விரிசல் என்று தள்ளிவிடுவாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, நாள்கணக்கில் வடிகஞ்சி ஊற்றி ஊறவைத்து, அதை நாய்கூட முகர விடாமல் காவல் காத்தாள். எனக்கு என் கல்யாணத்தில்கூட இவ்வளவு கவனிப்பு கிடைக்கவில்லை.

சோறு ஆறாமல் இருக்க ஒரு பெரிய ஹாட் பாக்ஸ் வாங்கலாம் என்றேன் நான். மீஞ்சூரில் எல்லா விசேஷத்திலும் அதில்தான் வைப்பார்கள். தேசம்மாக்கா அதன் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"இதுல மூடி வெச்சா சோறு வேக்கும். வேத்த தண்ணி எங்க போவும்? சோத்துலயேதான் வுழும். கலீஜ்."

ஆகவே எங்கள் கடையில் ஒரு பக்கம் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் அடுத்த உலை கொதித்துக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் காத்திருந்துதான் சாப்பிட வேண்டும். காத்திருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். தட்டிலும் தகராறு. பளபளவென்று மேலே படலம் ஒட்டின காகிதத் தட்டில் அவள் கொதிக்கிற குழம்பை ஒரு கரண்டி ஊற்றிக் காட்டினாள். படலம் சுருங்கி மேலெழும்பியது. "பாத்தியா, தோல் உரியுது. இத துன்னணுமாம்" என்றாள். வாழை இலை என்று முடிவாயிற்று. கடல் காற்றில் வாழை இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறீர்களா? ஒரு கை சோற்றுக்கு, ஒரு கை இலையைப் பிடித்துக்கொள்ள. அப்பளம் வைத்தால் அது பக்கத்து இலைக்காரருக்கு.

மிளகாய்த்தூள் பாக்கெட்டை வீட்டுக்குள் விடமாட்டாள். மிளகாயைக் காயவைத்து, மில்லுக்குத் தானே எடுத்துப்போய், முந்தின ஆள் அரைத்த தூள் மிஷினில் ஒட்டியிருக்கும் என்று முதல் பிடியை ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை வாங்குவாள். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து முகர்வாள். புளியில் கொட்டை இருந்தால்தான் நம்புவாள். கொட்டை எடுத்த புளியில் என்னென்ன சேர்ந்திருக்குமோ.

எங்களைச் சந்தேகப்பட எங்களிடம் சாப்பிட வருகிறவர்கள் இருந்தார்கள். அதுவும் வேண்டியதுதானே. கழுத்தில் கேமரா மாட்டின ஒருவர் சட்டியை எட்டிப் பார்த்து, "இது ஏரி மீன்தானா, இல்ல ஐஸ்ல வந்ததா?" என்று கேட்டார். பக்கத்தில் சில கடைகளில் காசிமேட்டு ஐஸ் மீனை வாங்கி ஏரி மீன் என்று போடுகிறார்கள் என்ற பேச்சு அப்போது இருந்தது. தேசம்மாக்கா கரண்டியால் தண்ணீரைக் காட்டினாள்.

"தோ கீது பாரு சார் ஏரி. அதையே கேளு."

அவர் பயந்துபோய் இரண்டு முறை குழம்பு வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பாத்திரம், எண்ணெய், தூள், விறகு, கடைக்காரர், நான் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட தேசம்மாக்கா, ஏரி மீனை மட்டும் பார்ப்பதே இல்லை. வெளியூர்ச் சந்தையில் மீன் வாங்கினால் செவுளைக் கிழித்துப் பார்ப்பாள், கண்ணை அழுத்திப் பார்ப்பாள். பாவா கூடையோடு வந்தாலோ, கையை நீட்டி வாங்கி, யாரோடோ பேசிக்கொண்டே அப்படியே அரிவாள்மணைக்குப் போய்விடுவாள். மடவையோ கெளுத்தியோ, என்ன விழுந்திருக்கிறது என்றுகூட அறுக்கும்போதுதான் பார்ப்பாள். அவள் மட்டுமில்லை, அந்தக் குப்பமே அப்படித்தான். கெடுதல் என்று ஒன்று வந்தால் அது கரையிலிருந்து, கடையிலிருந்து, அடுத்த ஊரிலிருந்து வரும். ஏரியிலிருந்து எப்படி வரும்?

கடை நன்றாக ஓடத் தொடங்கி, போன வாரம் வந்தவர்களே இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்த சமயம். மடவைக் குழம்பு. ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் முதல் வாய் வைத்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். நல்ல மாதிரியான பெண்மணி. சத்தம் போடாமல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க. கெரசின் வாசனை வருது" என்றார்.

தேசம்மாக்கா குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். முகம் மாறியது. சட்டியைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மீஞ்சூரு, அடுப்ப எத வெச்சி பத்த வெச்ச?"

"தேங்கா நாருக்கா."

"கிருஷ்ணாயில் ஊத்தினியா?"

"இல்லக்கா."

"கைய காட்டு."

காட்டினேன். இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் என் இரண்டு கையையும் பிடித்து மோந்து பார்த்தாள். கேஸ் அடுப்பில் வளர்ந்தவள், மண்ணெண்ணெய் இல்லாமல் சவுக்குக் கட்டையைப் பற்றவைக்கத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி அவளுக்கு ஒரு தீர்மானம் முதலிலேயே உண்டு. நான் அன்றைக்கு ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. என் கையில் வெங்காயம்தான் வாசனை அடித்திருக்கும். ஆனாலும் அவள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. எனக்கு உச்சந்தலைவரை கொதித்தது. பாத்திரத்தைச் சோதித்தாள், பொறுத்தேன். கடைக்காரரைச் சோதித்தாள், சிரித்தேன். என்னையே சட்டி மாதிரி சுண்டிப் பார்த்தால்?

அடுத்த ஞாயிறு, மண்சட்டி எதையாவது உறிஞ்சிக்கொண்டதோ என்று புதுச் சட்டி. வாசனை வரவில்லை. அப்பாடா என்றிருந்தோம். அதற்கடுத்த ஞாயிறு புதுச் சட்டியிலும் வந்தது. எண்ணெயை மாற்றினாள். மிளகாய்த்தூளைக் குப்பையில் கொட்டினாள். விறகுக்காரர் லாரியில் டீசல் சிந்தியிருக்கும் என்று விறகை மாற்றினாள். படகு என்ஜினுக்கு வைத்திருந்த கேனை வீட்டைத் தாண்டி, வேலிக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. வந்தால் அவள் கண் நேராக என்மேல் வந்து நிற்கும். ஒருநாள் சொல்லியே விட்டாள்.

"நீ இனிமே அடுப்பாண்ட வராத."

கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும். அடுப்பு பிரிந்தால் அதோடு நிற்காது. படகு பிரியும். இருப்பதோ ஒரே படகு. அதை யார் எந்தப் பக்கம் வெட்டி எடுத்துக்கொள்வது? அண்ணனும் தம்பியும் ஏற்கெனவே படகில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். "நீயாவது வாய மூடிகினு இரேன்" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். நான் மூடவில்லை.

"அடுப்பு நல்லாத்தான் கீது. நம்ம பாடு இல்லாத வாரத்துல நீ கூடைல மூடி எடுத்துகினு வர்றியே, அது ஐஸ் வண்டி மீனோ இன்னாவோ, யாருக்குத் தெரியும்?"

அந்தக் குப்பத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து இதைச் சொல்வது, தாலியைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. அவள் வாரா வாரம் பாடு வந்த வீட்டில் போய் நின்று, வலையிலிருந்து எடுத்த மீனைத்தான் வாங்கி வந்தாள். எனக்கு அது தெரியாததா? இன்றைக்கும் நான் அதற்காக வருத்தப்படவில்லை. என் கையை மோந்தவளுக்கு அது வேண்டும். தேசம்மாக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் பாடு. அவளே என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கு மீனு எங்க ஊட்டுக்காரரு வலைல வந்து வுழும். ஐஸும் இல்ல, வண்டியும் இல்ல. நீ உன் பாத்திரத்துல வை. நான் என் சட்டில வெக்கிறேன். ஒருத்தி கைய ஒருத்தி பாத்துகினே இருப்போம். யாரு சட்டி நாறுதுன்னு தெரிஞ்சிடும். உன்துன்னா நீ உன் அடுப்ப எடுத்துகினு போ. என்துன்னா நான் போறேன்."

பாவா வீட்டு வாசலில் கூடையை இறக்கும்போது மடவை துள்ளிக்கொண்டிருந்தது. நெருப்பில் யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து கங்கு வாங்கி வந்தாள். இரண்டு அடுப்புக்கும் அதே கங்கு. அவள் மண்சட்டி. நான் வேண்டுமென்றே காந்தம் ஒட்டின என் குண்டாவைத் தேடி எடுத்துவந்து வைத்தேன். எங்கள் அப்பாவின் மானமும் அதில் இருந்தது. ஒரே புளி, ஒரே தூள். அவள் வெங்காயம் நறுக்கினால் நான் அவள் கையைப் பார்ப்பேன். நான் உப்புப் போட்டால் அவள் குனிந்து பார்ப்பாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

கொதித்தது. அவள் என் குண்டாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்தாள். நான் அவள் சட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்தேன். பிறகு அவள் இரண்டு சட்டியிலும் மாறி மாறி எடுத்துப் பார்த்தாள். இரண்டிலும் அதே வாடை.

தோற்றது நான் இல்லை என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. தேசம்மாக்கா ஒரு சின்னச் சட்டியைக் கழுவி எடுத்தாள். வெறும் தண்ணீர், ஒரு கல் உப்பு, இரண்டு துண்டு மீன். வேறு எதுவும் போடவில்லை. ஆவி கிளம்பினதும் முகத்தை அதில் காட்டினாள். எழுந்து போய், ஏரிக்கரைப் பெண்கள் கழுவுகிற மாதிரி மணல் போட்டுத் தேய்த்துக் கையைக் கழுவினாள். திரும்பி வந்து பச்சை மீன் ஒன்றைக் கையில் வைத்துத் தடவிவிட்டு, கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு."

பார்த்தேன்.

"மீனுதாண்டி" என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

வெளியே வலையை அலசிக்கொண்டிருந்த பாவாவுக்கு அது எப்படியோ காதில் விழுந்துவிட்டது. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர் அன்றைக்குக் கத்தினார்.

"இன்னா மீனு? ஏரிலயா நாத்தம்? உங்க ரெண்டு பேரு வாயி நாறுது. எடுத்துகினு வா."

உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்த உப்புத் தண்ணீரில் வெந்த மீனையே தட்டில் வைக்கச் சொன்னார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். ஒரு துண்டை எடுத்து முள் நீக்கி வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். "ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் கீது" என்றார். அடுத்த துண்டு. "நல்லாத்தான் கீது." தேசம்மாக்கா மண்சட்டிக் குழம்பிலிருந்தும் எடுத்து வைத்தாள். அதையும் சாப்பிட்டார். கண் கலங்கிக் கொண்டு வந்தது. காரம் என்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. தட்டு காலியானதும் இன்னும் வை என்று நீட்டினார். அவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு, "போதும், எந்திரி" என்றாள்.

படகுத்துறையில் அதற்குள் கார்கள் வந்து நின்றுவிட்டன. பக்கத்துக் கடைக்காரி செய்தியைக் கேள்விப்பட்டு ஓடிவந்து யோசனை சொன்னாள். "புளிய தூக்கலா போடு, பூண்ட தட்டி போடு, ஒரு பயலுக்கும் தெரியாது." அவள் கெட்டவள் இல்லை, அவளுக்கும் அடுப்பு எரிய வேண்டும். நானும் ஒரு கணம் தேசம்மாக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"இத்தினி நாளா அவன் கலக்கறான், இவன் கலக்கறான்னு ஊரையே திட்டிகினு கெடந்தேன். இப்ப நானே செய்யணுமா?" என்றாள். கொட்டகைக்குப் போய், வந்தவர்களிடம், "இன்னிக்கு சாப்பாடு இல்ல, போயிட்டு வாங்க" என்று கைகூப்பினாள். அவ்வளவு பணிவாக அவள் நின்றதும் அன்றைக்குத்தான். குழம்பு முழுவதையும் மணலில் குழி தோண்டிக் கொட்டினோம். என் குண்டாவை அவளே தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

எங்கிருந்து வந்தது அந்த வாடை? எனக்குத் தெரியாது. ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். என்ஜின் படகுகள் கூடிப்போனதால் என்றார் ஒருவர். எங்கிருந்தோ எதையோ தண்ணீரில் விடுகிறார்கள் என்றார் இன்னொருவர். முகத்துவாரம் மண் மூடித் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, கடல் தண்ணீர் உள்ளே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் பாவா. முகத்துவாரம் திறந்தது. சில மாதம் வாடையே இல்லை. பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. எப்போது வரும், எந்த மீனில் வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சந்தேகம் என்பது எனக்கு அதுவரை ஒரு விளையாட்டு மாதிரி. யாரைச் சந்தேகப்படுவது என்றே தெரியாமல் சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று அப்போதுதான் தெரிந்தது.

கடையை அதோடு மூடிவிட்டோம். அந்த வருஷக் கடைசியில் என் வீட்டுக்காரர் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். படகை அண்ணனிடமே விட்டுவிட்டார். சண்டையில் பிரியாத அடுப்பு, சண்டையே இல்லாத ஒரு காலையில் பிரிந்தது. தேசம்மாக்கா ஒரு மண்சட்டியைப் பழைய சேலையில் சுற்றிக் கொடுத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள், கீழே வைக்காதே என்று நாலுதரம் சொன்னாள்.

கோயில் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போகிறோம். வீடு இப்போது மாடி எடுத்துக் கட்டியாயிற்று. கேஸ் அடுப்பு வந்துவிட்டது. தேசம்மாக்கா அதே வாய்த்துடுக்கோடுதான் இருக்கிறாள். போன தடவை என் மகளின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி மோந்து பார்த்து, பிளாஸ்டிக் நாற்றம் என்று திருப்பிக் கொடுத்தாள். கடையையும் மனிதர்களையும் இப்போதும் அப்படியேதான் சந்தேகப்படுகிறாள். மாறியது ஒன்றுதான்.

பாவா இப்போதும் ஏரிக்குப் போகிறார். வரும்போது கூடையை நேராக உள்ளே கொண்டுவருவதில்லை. வாசற்படியில் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கால் கழுவுகிறார். கால் சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தேசம்மாக்கா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக எடுக்கிறாள். செவுளைத் திறக்கிறாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறாள். சிலதைத் தனியாக ஒதுக்கி, அவர் திரும்புவதற்குள் சாக்கால் மூடிவிடுகிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் கொண்டுவந்த மீனை அவள் இப்படிப் பார்த்தவளே இல்லை. பார்த்து முடிக்கிறவரை அவர் திரும்புவதில்லை.

"நல்லாத்தான் கீது, வா" என்று அவள் சொன்ன பிறகுதான் தன் வீட்டுக்குள் வருகிறார்.